வற்றிய கிணற்றை யார் மூடுவது?

(மேட்டுப்பாளையத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எண்ணெய்க் கிணற்றைப் பற்றி மேட்டுப்பாளையத்தில் வந்து பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். இங்கே பவானி ஓடுகிறது, பாக்கும் வாழையும் விளைகின்றன, காரமடைப் பக்கம் கறிவேப்பிலை. எண்ணெய் ஒரு சொட்டும் கிடையாது. ஆனாலும் பூமியில் துளை போடுகிற தொழிலை நம் கொங்குச் சீமை அறிந்த அளவுக்கு அறிந்த ஊர்கள் நாட்டில் குறைவு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடக்கே எத்தனையோ மாநிலங்களில் ஓடுகிறது. ஆயிரம் அடி, ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டும் வெறும் புழுதி பறந்த கதை இந்த அவையில் பலருடைய சொந்தக் கதை.

அந்தத் துளையை என்ன செய்தோம்? கேசிங் பைப்பை உருவிக்கொண்டு, வாயில் ஒரு கல்லையோ கோணிப்பையையோ வைத்துவிட்டு அடுத்த இடம் பார்க்கப் போனோம். கைவிட்ட போரை அடியிலிருந்து மேல்மட்டம் வரை மண்ணும் கல்லும் போட்டு நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. 2019 அக்டோபரில் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தை உள்ளே போன பிறகுதான் ஊர் ஊராக அதிகாரிகள் வந்து கைவிட்ட போர்களைக் கணக்கெடுத்தார்கள். அன்று நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. சட்டம் இருந்தும் ஏன் மூடவில்லை? தண்ணீர் வராத போருக்கு மேற்கொண்டு பணம் செலவழிக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இந்த ஒரு காரணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வயல்களின் கதையும் இதுதான். அங்கே ஆழம் பத்து மடங்கு, செலவு அதைவிடப் பல மடங்கு.

நான் பணிக்காலம் முழுவதும் எண்ணெய்க் கிணறுகளில் சிமென்ட் செலுத்துகிற வேலையில் இருந்தவன். கிணறு தோண்டும்போதும் எங்களைக் கூப்பிடுவார்கள், மூடும்போதும் எங்களைக் கூப்பிடுவார்கள். தோண்டும்போது அவசரமாகக் கூப்பிடுவார்கள். மூடும்போது எப்போது கூப்பிடுவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

காவிரிப் படுகையை எடுத்துக்கொள்வோம். ஓ.என்.ஜி.சி. அங்கே 1960-களிலிருந்து துளையிட்டு வருகிறது. எண்பதுகளில் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது. அதை நம்பி 1993-இல் பனங்குடியில் ஒரு சுத்திகரிப்பு ஆலையே வந்தது. குத்தாலம், கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால், புவனகிரி என்று கிணறுகள் பெருகின. தெற்கே ராமநாதபுரம் வழுதூரில் எரிவாயுவைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்கள். நெல் வயலின் நடுவே வேலி போட்ட ஒரு சதுரம், நடுவில் வால்வுகள் அடுக்கிய ஓர் இரும்புக் கம்பம். அந்த வால்வு அடுக்குக்கு எங்கள் தொழிலில் கிறிஸ்துமஸ் ட்ரீ என்று பெயர். தஞ்சைப் பக்கம் பேருந்தில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள்.

2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் எழுந்தது. அதே ஆண்டு ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் குழாய் வெடித்து வயலில் எண்ணெய் பரவியது. ஊரே திரண்டது, கைதுகள் நடந்தன. அதற்கும் முன்னால் மன்னார்குடி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து, இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தார். 2013 டிசம்பரில் அந்தப் போராட்டத்தின் நடுவிலேயே அவர் உயிர் பிரிந்தது. இவ்வளவுக்கும் பிறகு 2020-இல் தமிழ்நாடு அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு அங்கே இடமில்லை. அந்தச் சட்டத்தை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைகளை அது தொடவில்லை. பழைய கிணறுகள் எப்படி முடிவுக்கு வர வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் பொருளும் அல்ல.

அந்தப் பழைய கிணறுகளில் பலவற்றுக்கு முப்பது, நாற்பது வயதாகிறது. புதிது வேண்டாம் என்ற குரல் டெல்டாவில் உரத்து ஒலிக்கிறது, ஒலிக்கத்தான் வேண்டும். பழையதை ஒழுங்காக மூடு என்ற குரலும் இருந்தது. நெடுவாசலைச் சுற்றியுள்ள நல்லாண்டார்கொல்லை, வடகாடு, வாணக்கன்காடு மக்கள், முன்பு துளையிட்டு விட்டுப்போன கிணறுகளை மூடி நிலத்தைத் திருப்பிக் கொடு என்று அப்போதே கேட்டார்கள். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அது பெரிய செய்தியாகப் படவில்லை. எனக்கு அதுதான் அந்தப் போராட்டத்தின் மிகக் கூர்மையான கோரிக்கையாகப் பட்டது.

கிணறு வற்றிவிட்டது என்றால் என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊர்ப் போர் வற்றினால் உள்ளே காற்றுத்தான் இருக்கும். எண்ணெய்க் கிணறு அப்படியல்ல. உலகம் முழுவதும் சராசரியாகப் பார்த்தால், பாறையில் இருக்கும் எண்ணெயில் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வருகிறது. மிச்சத்தை எடுக்கிற செலவு அதன் விலையைவிடக் கூடிவிடும்போது கம்பெனி உற்பத்தியை நிறுத்துகிறது. ஆக, வற்றியது வருமானம். கீழே எண்ணெய் இருக்கிறது, வாயு இருக்கிறது, உப்புத் தண்ணீர் இருக்கிறது. சில ஆண்டுகள் போனால் தணிந்த அழுத்தம் மெல்ல மெல்ல ஏறவும் செய்யும். நடுவில் இருப்பது வயதான ஓர் இரும்புக் குழாயும் அதைச் சுற்றிப் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட சிமென்ட்டும். அந்தக் குழாய் போகிற வழியில்தான் டெல்டா மக்கள் குடிக்கிற நிலத்தடி நீர் இருக்கிறது.

மூடுவது எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரிக் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பிடிக்கும்.

முதலில் கிணற்றை அடக்க வேண்டும். எடை கூடிய சேற்றையோ உப்புக் கரைசலையோ உள்ளே செலுத்தி, கீழிருந்து வாயு மேலே தள்ள முடியாதபடி நிறுத்துவோம். சேற்றுக்குக் கனம் கொடுக்கப் பாரைட் என்ற தாதுவை அரைத்துச் சேர்ப்பார்கள். அது கடப்பைப் பக்கம் மங்கம்பேட்டையிலிருந்து உலகத்தின் எத்தனையோ எண்ணெய் வயல்களுக்குப் போகிறது. நம் பக்கத்து மாநிலத்துக் கல் யார் யார் நாட்டுக் கிணற்றையோ அடக்கி வைத்திருக்கிறது. அப்புறம் உள்ளே இருக்கும் மெல்லிய உற்பத்திக் குழாயைத் துண்டு துண்டாக வெளியே இழுக்க வேண்டும். இதற்கு மறுபடியும் ஒரு ரிக் வந்தாக வேண்டும்.

அதன்பிறகு சிமென்ட். மண்வெட்டியில் கலந்து கொட்டுகிற காரியம் இல்லை இது. பம்பு வண்டி வந்து நிற்கும். லிட்டருக்கு ஏறத்தாழ 1.9 கிலோ கனமுள்ள கூழாகக் கரைத்து, தொங்கும் குழாய் வழியாக மூன்று கிலோமீட்டர் கீழே, எண்ணெய் வந்த துளைகளுக்கு நேராகக் கொண்டுபோய் வைப்போம். கீழே சூடு நூறு டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் வெறும் சிமென்ட் நாளடைவில் வலுவிழந்துவிடும் என்பதால், அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிலிக்கா மாவு சேர்ப்போம். பாதி வழியிலேயே இறுகிவிடாமல் இருக்க வேறொரு மருந்து. கூழ் ஓடும்போது ஒரு காகிதக் கப்பில் கொஞ்சம் பிடித்து ரிக் மேடையின் ஓரத்தில் நிழலில் வைத்துவிடுவோம். வருகிறவர், போகிறவர் எல்லாம் அதை நகத்தால் அழுத்திப் பார்ப்பார்கள். கப்பில் இருப்பது இளகி நிற்கும்போதே கீழே இருப்பது கல்லாகியிருக்கும், அங்கே சூடு அப்படி. ஆகவே கப்பை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நாள் காத்திருந்து, குழாயை மெல்ல இறக்கி, அந்த அடைப்பின் தலைமேல் உட்கார வைப்போம். மேலே எடைகாட்டும் கடிகாரத்தில் முள் ஐந்து டன், பத்து டன் இறங்கும். இறங்கினால் கீழே ஒன்று தாங்குகிறது என்று அர்த்தம். அப்புறம் மேலிருந்து அழுத்தம் கொடுத்து, முள் அரைமணி நேரம் ஆடாமல் நிற்கிறதா என்று பார்ப்போம். அந்த அரைமணி நேரத்தில் மேடையில் பேச்சுக் குரலே கேட்காது.

இப்படி ஒரு அடைப்பு போதாது. நடுவில் ஒன்று, நன்னீர் அடுக்குக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று. கஷ்டமான இடம் குழாய்க்கு உள்ளே இல்லை, வெளியே. குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் முப்பது வருடத்துக்கு முன்னால் போட்ட சிமென்ட் விரிசல் விட்டிருந்தால், உள்ளே எத்தனை அடைப்பு வைத்தாலும் வாயு வெளிப்பக்கமாக ஏறும். ஒலி அலை கொண்டு அதைச் சோதிக்கலாம். சரியில்லை என்றால் குழாயிலேயே துளையிட்டு, வெளிப்பக்கத்துக்கு மறுபடி சிமென்ட் பிழிய வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் இரும்பையே கீழே வைத்துச் சுரண்டி எடுக்க வேண்டும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கை வைக்கிற இடம் இதுதான். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது. நன்றாக மூடிய கிணறும் அரைகுறையாக மூடிய கிணறும் மேலே ஒரே இரும்புத் தகடுதான்.

கடைசியில் குழாயை உழவு ஆழத்துக்கு நன்றாகக் கீழே அறுத்து, தகடு பற்றவைத்து, மண் மூடுவார்கள். கழிவுச் சேற்றுக் குழி, எண்ணெய் ஊறிய மண், வயலுக்கு அடியில் ஓடும் குழாய்கள், அவற்றின் உட்புறம் படிந்த படிவு எல்லாம் தனி வேலை. அந்தப் படிவில் சில இடங்களில் ரேடியம் கலந்திருக்கும் என்பதால் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே எடைபோட்டுப் போட முடியாது.

கிணறு கைமீறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். ஆந்திராவில் அமலாபுரம் பக்கம் பாசர்லபுடியில் 1995 ஜனவரியில் ஒரு கிணறு வெடித்துக் கிளம்பி, அறுபத்தைந்து நாள் எரிந்தது. அசாமில் பாக்ஜான் கிணறு 2020 மே மாதம் கட்டுமீறி, ஜூனில் தீப்பிடித்து, நவம்பர் வரை அடங்கவில்லை. தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தார்கள். பக்கத்தில் இருந்தது மகுரி–மொட்டாபுங் சதுப்பு நிலம். பாசர்லபுடி தோண்டும்போது நடந்தது. பாக்ஜான் பல வருடம் உற்பத்தி கொடுத்த கிணறு. அதில் பழுது பார்க்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோது நடந்தது. வயதான கிணற்றைத் தொடுவது அவ்வளவு சாதாரணம் இல்லை.

இதில் டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிணறு மூட ரிக் திரும்ப வர வேண்டும் என்று சொன்னேன். கிராமத்தார் கண்ணுக்குத் தோண்ட வருகிற ரிக்கும் மூட வருகிற ரிக்கும் ஒன்றுதான். லாரிகள் வரிசையாக வந்தால் ஊர் கூடி மறிக்கிறது. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பராமரிப்பு என்று சொல்லி வந்து வேறு ஏதோ செய்துவிடுவார்கள் என்ற பயம் சும்மா வரவில்லை. தாள் காட்டாமல், கூட்டம் போடாமல், போலீஸ் துணையோடு வந்து வந்து உண்டாக்கிய பயம் அது. திருவாரூர் மாவட்டம் பெரியகுடிக் கிணற்றைப் பற்றி வருடக்கணக்கில் நடந்த வாதத்தின் அடியிலும் இந்த அவநம்பிக்கைதான் கிடந்தது. நம்பிக்கை கெட்ட இடத்தில் கிணற்றை நல்லபடியாக மூடக்கூட முடியாது.

அடுத்து பணம். கொங்கு நாட்டில் பேசிவிட்டுக் கணக்குச் சொல்லாமல் இறங்க முடியுமா?

எண்ணெய் வருகிற காலத்தில் எல்லோருக்கும் பங்கு: கம்பெனிக்கு லாபம், மத்திய அரசுக்கு வரி, மாநில அரசுக்கு ராயல்டி. மூடுகிற நாளில் வருமானம் பூஜ்யம், செலவு மட்டும் முழுசு. எனவே வருமானம் இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டும். நம் நாட்டில் இதற்கு ஏற்பாடு இருக்கிறது. 1999-இல் தள மீட்பு நிதித் திட்டம் ஒன்று வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 33 ஏபிஏ என்ற பிரிவு, எண்ணெய்க் கம்பெனி லாபத்தில் இருபது சதவீதம் வரை இதற்காக ஸ்டேட் பாங்கில் போட்டு வைத்தால் வரிச்சலுகை கொடுத்தது. யோசனை அருமை. ஆனால் கமலாபுரத்து விவசாயிக்கு, தன் வயலில் நிற்கிற கிணற்றுக்கு எவ்வளவு எடுத்து வைத்திருக்கிறார்கள், எந்த வருடம் மூடுவார்கள் என்று எங்கே போய்க் கேட்பது? கம்பெனியின் ஆண்டறிக்கையில் நாடு முழுமைக்குமாக ஒரு மொத்தத் தொகை இருக்கும். அதில் அவர் வயல் எங்கே இருக்கிறது?

ஓ.என்.ஜி.சி. அரசுக் கம்பெனி, நாளைக்கே காணாமல் போகாது. என் கவலை சின்னக் கம்பெனிகளைப் பற்றி. வயதான வயல்களையும் சிறு வயல்களையும் சிறிய நிறுவனங்களுக்குக் கொடுப்பது உலகம் முழுக்க வழக்கம். நெடுவாசலும் அப்படித்தான் 2017-இல் கர்நாடகத்து ஜெம் லேபரட்டரீஸுக்கு ஒதுக்கப்பட்டது. கனடாவில் ரெட்வாட்டர் என்ற சின்ன எண்ணெய்க் கம்பெனி 2015-இல் திவாலானது. கடன்காரர்களுக்காக வந்த நிர்வாகி, லாபம் தரும் கிணறுகளை விற்கப் பார்த்து, மற்றவற்றை எனக்கு வேண்டாம் என்று தள்ளினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: முதலில் கிணற்றை மூடு, மிச்சம் இருந்தால் வங்கி எடுத்துக்கொள்ளட்டும். ஆஸ்திரேலியாவில் வுட்சைடு என்ற பெரிய கம்பெனி தன் பழைய எண்ணெய்க் கப்பல் தளம் ஒன்றைச் சிறிய கம்பெனிக்கு விற்றது. அந்தச் சிறிய கம்பெனி சில ஆண்டுகளில் திவாலானது. தளத்தை அரசே எடுத்து மூட வேண்டி வந்தது. அங்கே அரசு சும்மா இருக்கவில்லை, கடலில் எண்ணெய் எடுக்கிற எல்லாக் கம்பெனிகள் மீதும் பீப்பாய்க்கு 48 சென்ட் வரி போட்டு அந்தச் செலவை வசூலித்தது. அமெரிக்காவில் உரிமையாளர் இல்லாத கிணறுகளை மூட 2021-இல் 470 கோடி டாலர் மக்கள் பணத்தை ஒதுக்கினார்கள். யாரோ நூறு வருடம் லாபம் பார்த்த துளைகள் அவை.

பணம் ஒருபுறம் இருக்க, இந்த வேலை முடியுமா என்றும் கேட்பார்கள். வட கடலில் பிரென்ட் டெல்டா என்ற எண்ணெய் மேடையின் 24,200 டன் மேற்பகுதியை 2017-இல் ஒரே தூக்கில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நம் நாட்டிலும் மும்பைக்கு வடக்கே தாப்தி வயலில் எரிவாயு நின்றபின் ஐந்து கடல் மேடைகளை அகற்றியிருக்கிறார்கள். எனவே முடியாத வேலை என்று யாரும் சொல்ல முடியாது. கடலில் முடிந்தது, கார் போகிற வயலில் முடியாதா?

இதெல்லாம் தஞ்சாவூர்க்காரர்கள் கவலை என்று நினைத்தால், சிறுமுகைக்குப் போய்வாருங்கள், பக்கத்தில்தான் இருக்கிறது. விஸ்கோஸ் ஆலை ஓடிய காலத்தில் பவானியின் நிறமும் வாடையும் எப்படி இருந்தன என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழிவுக்கு எதிராகப் போராடியவர்களும் இந்த ஊர்க்காரர்கள், அந்த ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள். ஆலை நின்றது. வேலை போனது. மண்ணையும் ஆற்றுப் படுகையையும் பழையபடி ஆக்கித் தருகிற செலவு யாருடையது என்று ஆலை தொடங்குகிற நாளில் எழுதி வாங்காத ஊர், நிற்கிற நாளில் யாரிடம் போய்க் கேட்கும்?

இன்னொன்று உங்கள் தோட்டத்துக்குள்ளேயே வருகிறது. கொச்சியிலிருந்து இருகூர் வழியாகக் கரூருக்கு எரிபொருள் குழாய் போகிறது. இருகூரிலிருந்து தேவனகொந்தி போகும் குழாயைச் சாலையோரமாகக் கொண்டுபோகச் சொல்லி விவசாயிகள் போராடினார்கள். கெயில் எரிவாயுக் குழாய் ஏழு மாவட்ட விளைநிலங்கள் வழியே வருவதை எதிர்த்து 2013-இல் எழுந்த எழுச்சி நினைவிருக்கும். 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்பளித்தது. இவை 1962-ஆம் வருடப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டப்படி நடப்பவை. நிலம் உங்கள் பெயரில், பயன்பாட்டு உரிமை அவர்கள் பெயரில். அந்தப் பட்டையில் தென்னை வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது, கிணறு வெட்ட முடியாது. சந்தை மதிப்பில் பத்து சதவீதம் இழப்பீடு. இழப்பீடு போதாது என்று சண்டை போட்டோம், நியாயம். குழாயின் ஆயுள் முடிந்தபின் அதைத் தோண்டி எடுப்பார்களா, கழுவி உள்ளேயே விடுவார்களா, உரிமையை ரத்துசெய்து பத்திரத்தில் எழுதித் தருவார்களா என்று எத்தனை பேர் கேட்டோம்?

அன்னூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார், "ஏனுங்க, அது நிக்கறதுக்கு இன்னும் நாப்பது வருசம் ஆகுமுங்களே, இப்பவே கேட்டா சிரிக்க மாட்டாங்களா?" சிரிக்கட்டும். நாற்பது வருடம் கழித்து உங்கள் பேரன் கேட்கும்போது எதிரில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆள் இருக்காது. இன்றைக்குக் கையெழுத்து வேண்டி உங்கள் வாசலில் நிற்கிறார்கள்.

நான் கேட்பவை பெரிய விஷயங்கள் அல்ல. மூடிய ஒவ்வொரு கிணறும் சர்வே எண்ணோடு நில அளவைப் படத்திலும் வில்லங்கச் சான்றிலும் ஏற வேண்டும். இருபது வருடம் கழித்து அந்த இடத்தில் வீடு கட்ட வருகிறவருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அடைப்பைச் சோதிக்கிற அந்த அரைமணி நேரம், கிராமசபை அனுப்புகிற ஒருவர் ரிக் மேடையில் நின்று முள்ளைப் பார்க்க வேண்டும். பாதுகாப்புத் தொப்பியும் பூட்ஸும் கொடுத்தால் போதும், படித்தவராக இருக்க வேண்டியதில்லை. நம் ரிக்காரர்கள் என்னைவிட நன்றாகவே அந்த முள்ளைப் படிப்பார்கள். பிறகு அந்தக் கிணற்றைச் சுற்றியுள்ள குடிநீர்ப் போர்களில் வருடம் ஒருமுறை தண்ணீர் எடுத்துச் சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆகிற செலவு அந்தக் கிணற்றின் பெயரிலேயே தனியாக இருக்க வேண்டும், கம்பெனி கை மாறினாலும் பணம் கிணற்றோடு போக வேண்டும்.

டெல்டா நண்பர்களிடம் நான் பேசும்போதெல்லாம் இதையே சொல்கிறேன்: புதிய ரிக்கை மறியுங்கள், மூட வருகிற ரிக்கிடம் வேலைத்திட்டத்தை எழுத்தில் வாங்கிப் படித்து, பக்கத்திலேயே நின்று மூட வையுங்கள்.

என் பேச்சு இவ்வளவுதான். குழாய் ஒப்பந்தத்தின் நகல் கொண்டுவந்திருப்பவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், அவற்றை முதலில் பார்த்துவிடுவோம். மற்றக் கேள்விகளை அதன்பிறகு எடுத்துக்கொள்கிறேன்.